நீ வெளியே எடுத்து வைத்த குழாய்கள்

ராஜபாளையத்தில் நேற்று ஒரு கல்யாணம். சாப்பிடாமலேயே திரும்பி வந்துவிட்டேன். மண்டப வாசலில் புகை பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தின்ற பிள்ளைகள் வாயிலும் மூக்கிலும் புகைவிட்டுச் சிரித்தார்கள். அந்த ஆள் கேனைச் சாய்த்தபோது வெள்ளைப் புகை மேஜையிலிருந்து வழிந்து, தரையில் படர்ந்து, என் செருப்பு வரை வந்தது. திரவ நைட்ரஜன். உன் மாட்டு ஆஸ்பத்திரியில் கேன் மூடியைத் திறந்தால் இதே புகைதான் வரும். அப்படியே திரும்பி நடந்தேன். செத்தவன் மேல் கோபம் வைக்கக் கூடாது என்பார்கள். வைத்திருக்கிறேன். கேட்டுக்கொள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லூரியில் ஒரே பெஞ்சில் இருந்த நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு வேலைக்குப் போயிருந்தோம். நான் விலங்கியலில் ஆராய்ச்சி மாணவன். நீ ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடல்மீன் வயிற்றுப் புழுவை ஆராய்கிறான் என்று எல்லோரும் சிரித்தபோது, எதற்கு என்று கேட்டவன் நீ ஒருவன்தான். வாளை மீனுக்குள் இருப்பதும் சீலாவுக்குள் இருப்பதும் ஒரே புழு, மரபணுக்களும் ஒன்றேதான், ஆனால் குடியிருக்கும் மீனுக்கு ஏற்ப அவற்றில் சில வேலை செய்யும், சில சும்மா கிடக்கும், எவை எவை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன். புழுவை எடுத்த கையோடு உறைய வைக்காவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும் என்றும் சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? காளை விந்து வைக்கிற கேன் ரெண்டு கெடக்கு. சின்னதுல ஒனக்கு இடம் தாரேன், கொண்டாலே."

விடிந்ததும் தூத்துக்குடி மீன் ஐஸ் பெட்டியில் வந்து மார்க்கெட்டில் இறங்கும். நீ பிளாஸ்க்கில் நைட்ரஜன் ஊற்றிக்கொண்டு மொபெட்டில் வந்து நிற்பாய். மீன்காரம்மா வயிற்றைக் கீறுவார். ஐஸில் கிடந்தும் புழு உயிரோடு சுருண்டு நெளியும். நான் இடுக்கியால் எடுத்துக் குழாயில் போட, நீ வாங்கிப் புகைக்குள் இறக்குவாய். "புழு புழுன்னு சத்தம் போடாதீய சாமி, யாவாரம் படுத்துரும்" என்று அந்தம்மா பல்லைக் கடிப்பார். "புழு இல்லக்கா, இவன் படிப்பு" என்பாய். இரண்டு வருஷம் இப்படிச் சேர்த்தோம்.

மதுரை ஆய்வகத்தில் அவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, எல்லாம் சிதைந்து கிடக்கிறது என்றார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியர் மற்ற மாணவர்கள் முன்னால் வைத்தே கேட்டார். "எடுக்கத் தெரியாத கையா, இல்ல எடுக்கவே இல்லையா?" அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உன்னிடம்தான் வந்து அழுதேன். டீ வாங்கிக் கொடுத்தாய். "விடுலே, புழுதான" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அழுவது உனக்குத் தாங்கவில்லை என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

ஆராய்ச்சியை விட்டேன். என் ஊர் சோழபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். தவளை அறுக்கும் வகுப்பு வந்தால் பக்கத்து வாத்தியாரிடம் தள்ளிவிடுவேன். என் கை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அதுவும் உனக்குத் தெரியும். நான்தான் உன்னிடம் சொல்லியிருக்கிறேனே.

போன ஐப்பசியில் நீ போனாய். பதினாறாம் நாள் விசேஷத்தில் வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் புகழ்ந்து தள்ளினார். "முப்பது வருசம் இருக்கும், ஆடிப்பூரத் தேரு வாரம்யா. நைட்ரஜன் வண்டி வரல, பெரிய கேனு காஞ்சு போச்சு. அவிய மட்டும் இல்லன்னா எங்க மாடெல்லாம் பருவம் தப்பிருக்கும். சின்னக் கேன்ல யாரோ சாமான் வச்சிருந்தாகளாம். அதத் தூக்கி வெளிய வச்சுட்டு ஊசி மருந்த உள்ள வச்சுக் காப்பாத்துனாக. ரெண்டு நா கழிச்சு வண்டி வந்துச்சு." நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மாட்டைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கோபமில்லை. ஒரு கறவை மாட்டை நம்பி எத்தனை வீட்டில் உலை கொதிக்கிறது என்று எனக்கும் தெரியும். கேட்டிருந்தால் குழாய்களை நானே வெளியே எடுத்து வைத்திருப்பேன். மறுபடி சேர்த்திருப்பேன். கடலில் புழுவுக்கா பஞ்சம்? ஆனால் நீ, வண்டி வந்ததும் கெட்டுப்போன குழாய்களை இருந்த வரிசை மாறாமல் திரும்ப உள்ளே வைத்து மூடினாய். அந்தக் கேனை நான் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் புறப்பட்டபோது, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு எனக்குச் சீட்டும் பிடித்துக் கொடுத்தாயே, அடப்பாவி! ஒரு வார்த்தை. அப்போது வாய் வரவில்லை என்றால் அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். எத்தனை தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தாய்!

இன்று காலை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு வாளை வாங்கி வந்தேன். "இந்த வயசுல என்ன புழு வேண்டிக் கெடக்கு?" என்று வீட்டில் சத்தம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே வயிற்றைக் கீறினேன். குடலோரம் ஒன்று சுருண்டு கிடந்தது. இடுக்கியால் எடுத்தேன். கிழியாமல் முழுசாக வந்தது.

இந்தக் கையில் குற்றமில்லை என்று உலகத்தில் ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் முப்பது வருஷம் என்னோடு டீ குடித்தான்.