கெண்டியின் மூக்கு

9-12-1963, திங்கள்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு டிராயிங் தாள்கள் நாற்பத்திரண்டும் திருத்தி முடித்தேன். வகுப்பு நடுவில் ஸ்டூல் போட்டு, மூக்கு நீண்ட ஒரு பித்தளைக் கெண்டி வைத்திருந்தேன். எப்படி வரைவது என்று கரும்பலகையிலும் போட்டுக் காட்டியிருந்தேன். ஐம்பதுக்கு ருக்குமணி 46. அவ்வளவு சுத்தமான கோடு. செல்லக்கிளி 9. கெண்டிக்கு மூக்கையே காணோம், வயிற்றில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ‘மூக்கு எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதினேன்.

11-12-1963

பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லித் தாள்களைக் கொடுத்தேன். முதல் பத்துப் பேரின் பட்டியல் தலைமையாசிரியை ஜானகியம்மாளிடம் போயிற்று. பிப்ரவரியில் சர்க்கார் டிராயிங் பரீட்சை எழுதப் போவது அந்தப் பத்துப் பேர்தான். அதில் தேறினால் நாளைக்கு டிராயிங் டீச்சர் வேலைக்கு வழி உண்டு. நானே அப்படி வந்தவள்.

செல்லக்கிளி தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. வகுப்பில் வாய் திறக்காத பெண்.

“எனக்கு அது அப்படித்தாங்க டீச்சர் தெரிஞ்சுது.”

போய் உட்கார் என்று சொல்லிவிட்டேன்.

12-12-1963

காலையிலிருந்து அவள் சொன்னதே காதில். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கெண்டியை அதே மாதிரி வைத்து, ஜன்னலோரம் அவள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

மூக்கு நேரே என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிறது. வட்டம் — வெறும் வட்டம். வயிற்றின் நடுவில். அங்கிருந்து வேறு எப்படித் தெரியும்?

அதே பெஞ்சில் பக்கத்து இடம் ருக்குமணியுடையது. அவள் தாளில் மூக்கு வலப்பக்கம் அழகாக நீண்டிருக்கிறது. அவள் கெண்டியைப் பார்க்கவே இல்லை. கரும்பலகையைப் பார்த்தாள். அவள் மட்டுமா? நாற்பத்தொரு பேரும் என்னைக் காப்பி அடித்திருக்கிறார்கள், நானும் சந்தோஷமாக மார்க் போட்டிருக்கிறேன். பார்த்துப் போட்ட ஒருத்திக்கு ஒன்பது!

13-12-1963

ஜானகியம்மாளிடம் சொன்னேன். ரிஜிஸ்டரில் ஏற்றியாயிற்று, பட்டியலும் ஆபீஸுக்குப் போய்விட்டது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜூனில் என் புரொபேஷன் முடிகிறதே என்ற கவலை அவருக்கு.

“தப்பாத் திருத்திட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா அந்தக் காகிதம் உங்க ஃபைல்லயே கெடக்கும், காந்திமதி. பர்மனென்ட் ஆகப்போற நேரத்துல இது வேணுமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்ன யோசிப்பது?

14-12-1963

எழுதிக் கொடுத்துவிட்டேன். முழுப் பக்கம். தவறு என்னுடையது, வகுப்பு முழுவதற்கும் மறுபரீட்சை வேண்டும் என்று.

18-12-1963

பதில் இல்லை.

6-1-1964

ஆபீஸிலிருந்து அனுமதி வந்துவிட்டது. சனிக்கிழமை பரீட்சை. தாளில் பெயர் இருக்கக்கூடாது, இட எண் மட்டும். ஜானகியம்மாள் பக்கத்தில் இருக்கும்போதுதான் திருத்த வேண்டும். நல்லது. அதைத்தான் நானும் விரும்புகிறேன்.

11-1-1964, சனி

கரும்பலகையைத் துடைத்துவிட்டேன். நீங்கள் போட்டுக் காட்டவில்லையா என்று ஐந்தாறு பேர் கேட்டார்கள். ருக்குமணி அரைமணி நேரம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. யார் பழக்கிவிட்டது? நான்தான்.

செல்லக்கிளியின் அம்மா வள்ளியம்மாள் மகளோடு நடந்தே வந்து, முடியும்வரை வாசலில் காத்திருந்தாள். போகும்போது சொன்னாள்: “மார்க்கு அதிகமா வேணாங்க டீச்சர். வூட்ல கரியால எந்நேரமும் படம் போட்டுகினே இருக்குது. நீங்க பார்த்துட்டுப் போட்டாப் போதும்.”

13-1-1964

நாளை பொங்கல். இன்றைக்கே திருத்தி முடித்தோம். ஒவ்வொரு தாளையும் எடுத்துக்கொண்டு அந்தந்த எண்ணுள்ள இடத்தில் போய் உட்கார்ந்து, கெண்டியைப் பார்த்து, பிறகு தாளைப் பார்த்து மார்க் போட்டேன். ஜானகியம்மாள் நாற்காலியிலேயே இருந்தார். பத்துத் தாள் ஆனதும் எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னலோரத் தாள் ஒன்றுக்கு நான் 43 போட்டபோது தடுத்தார். கைப்பிடி இவ்வளவு பெரிதாகவா இருக்கிறது என்று கேட்டார். திரும்பப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆறு குறைத்தேன். பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் அது செல்லக்கிளி. 37, நாலாவது இடம்.

ருக்குமணி 19. பட்டியலில் இல்லை.

20-1-1964

ருக்குமணியின் அப்பா வந்தார், மைன்ஸில் பெரிய ஆபீசர். 46 எப்படி 19 ஆகும் என்று கேட்டார். கெண்டியை ஸ்டூலில் வைத்து, மகளின் இடத்தில் அவரை உட்காரவைத்து இரண்டு தாளையும் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதட்டும்.

வராந்தாவில் ருக்குமணி அழுதுகொண்டு நின்றாள். புதன்கிழமை சாயங்காலம் வா, கரும்பலகை இல்லாமல் போடப் பழகலாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5-2-1964, புதன்

வந்தாள்.

14-9-1964

ஜூலையிலேயே ஆர்டர் வந்தது. புரொபேஷன் ஒரு வருஷம் நீட்டிப்பு. காரணம்: மதிப்பிடுவதில் கவனக்குறைவு. அன்று நாட்குறிப்பைத் திறக்கப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால், உண்மைதானே.

சர்க்கார் பரீட்சையில் ஏழு பேர் பாஸ். செல்லக்கிளியும் ஒருத்தி. இந்த வருஷப் பட்டியலுக்கு ருக்குமணி தானாகவே வந்து பெயர் கொடுத்திருக்கிறாள்.

இன்று காலாண்டுப் பரீட்சை டிராயிங் கேள்வித்தாள் அச்சாகி வந்தது. நான் எழுதிக் கொடுத்தது மூன்றே வரி. கீழே நாலாவதாக ஒன்று இருந்தது. அச்சுக்குப் போன மூலப்பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜானகியம்மாளின் கையெழுத்து:

‘மாணவியின் இடத்தில் அமர்ந்து பார்த்த பிறகே ஆசிரியை மதிப்பெண் இடவேண்டும். எல்லா வகுப்புகளுக்கும்.’