நீ தொடாத டம்ளர்

மிஸ்,

இன்று காலை சாமான் துலக்கும்போது அந்த எவர்சில்வர் டம்ளர் கையில் அகப்பட்டது. வாய் நசுங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து உன்னை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கென்று சமுதாயக் கூடத்தில் கல்லூரிப் பெண்கள் நீங்கள் மாலை வகுப்பு ஆரம்பித்த வருஷம் அது. லாஸ்பேட்டை கல்லூரியிலிருந்து ஸ்கூட்டரில் வருவீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அக்கா. என் பேத்தி செல்விக்கு நீ வாய்த்தாய். உன் பேரைக்கூட நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் நீ மிஸ்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அவளுக்கு ஏறவில்லை. தோற்றால் துணிக்கடை வேலைக்கு அனுப்பிவிடுவதாக என் மகன் சொல்லியிருந்தான். "உங்க தெருவுக்கு இந்தப் படிப்பே அதிகம்" என்று பள்ளிக்கூட வாத்தியார் என் முகத்துக்கு நேரே சொன்னார். அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. நீயோ அவளிடம், "தப்பாப் போடு, பரவால்ல. ஆனா போடு" என்றாயாம்.

செல்வி இரண்டு நாள் வரவில்லை என்று விசாரிக்க வந்தாய். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் நீட்டினேன்.

"வேணாம் ஆயா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

எங்கள் வீட்டு டம்ளரைத் தொடாதவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். ஒருத்தரையும் மறந்ததில்லை. அந்த வரிசையில் உன்னையும் நிறுத்தினேன். "நம்ம தண்ணி ஆவாதவ குடுக்குற படிப்பு மட்டும் ஆவுமா?" என்று செல்வியை வகுப்புக்கு விடவில்லை. முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

நீ விடவில்லை. தினமும் கணக்கு எழுதிய தாளைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனாய். நான் "வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறாம் நாள் நீ வாசலில் நிற்கும்போது பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. கைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்பக் குடுங்க ஆயா, தண்ணி" என்றாய்.

டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டேன்: "நோன்புன்னு அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"நோன்பைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லும்" என்று சிரித்துவிட்டு, டம்ளரைக் காலி செய்தாய்.

மறுநாள் செல்வி வகுப்புக்கு வந்தாள். தேறினாள். உன்னை என்னவென்று நினைத்தேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அடுத்த நோன்புக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒரே வாரம்.

உன் துக்கத்துக்கு வந்தபோதுதான் உன் அம்மாவைப் பார்த்தேன். அழுத கண்ணோடு, "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டினார். அழுகிற வீட்டில் எப்படிக் குடிப்பது? வேண்டாம் என்று தலையாட்டப் போனவள், அந்த அம்மா என்ன நினைப்பாரோ என்று பயந்து, மடக்கு மடக்காக முழுதும் குடித்தேன்.

செல்வி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். சாயங்காலம் நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, "தப்பாப் போடு, பரவால்ல" என்கிறாள். அந்த வாத்தியார் மேல் உள்ள கோபத்தை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். உன் மேல் ஆறு நாள் வைத்திருந்த கோபத்தைத்தான், எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.