நாகப்பட்டினம் பக்கத்தில் இல்லாத ஒரு வரி

அண்ணே,

இன்று காலை ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில், உங்கள் நாற்காலிக்கு வந்திருக்கும் புதிய பெரியவர் ஊசி குத்தி முடிந்ததுமே நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். சூடுபட்ட வாழையிலை வாசமும் சம்பால் வாசமும் என் பக்கம் வந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீங்களும் இப்படித்தான் பிரிப்பீர்கள். "மெஷின் ஓடுறப்ப சாப்புட்டா ஒடம்புல சேராது தங்கச்சி. உள்ள போறது அப்படியே வெளிய போயிரும் லா" என்பீர்கள். தாதி மிஸ்ஸி முறைப்பார். நெத்திலியை மட்டும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, பெரிய தியாகம் செய்துவிட்டவர்போல அவரைப் பார்ப்பீர்கள்.

ஈப்போவில் அந்த மாடிக் கூடத்தில் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், நீங்களும் நானும் இரண்டு வருடத்துக்கு மேல் பக்கத்து நாற்காலிக்காரர்கள். முதல் மாதம் முழுக்க "குளுருதா?", "ஆமாண்ணே" என்பதற்கு மேல் நாம் பேசவில்லை. பிறகு ஒருநாள் மடியில் பழைய மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இடது கையின் ஒரே விரலால் எதையோ தட்டித் தட்டி, தப்பாக விழுந்ததும் வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தீர்கள். வலது கையில் இரண்டு ஊசி.

"என்னண்ணே பண்றீங்க?"

"நாகப்பட்டினம்" என்றீர்கள், ஏதோ அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்வதுபோல.

இணையக் கலைக்களஞ்சியத்தில் அந்தத் துறைமுகத்தைப் பற்றிய தமிழ்க் கட்டுரை அது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், எழுதலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முப்பது வருடம் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டியவர், நேரில் ஒருமுறையும் போகாத அந்தத் துறைமுகத்துக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தீர்கள். கட்டுரை நன்றாகவே இருந்தது. கீழே மேற்கோள் பட்டியல்தான் கந்தல். வெறும் இணைய முகவரிகளை நீளநீளமாக ஒட்டி வைத்திருந்தீர்கள். பாதி முகவரிகளைத் தட்டினால் பக்கமே இல்லை.

நான் சித்தியவானில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கோப்பு அடுக்கியவள். கந்தலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எனக்கு ஊசி இடது கையில். வலது கை காலி. "இங்க குடுங்கண்ணே" என்று கணினியை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முகவரிக்கும் தலைப்பு, எழுதியவர், எந்தத் தளம், நாம் பார்த்த நாள் என்று நிரப்பத் தொடங்கினேன். செத்துப்போன பக்கங்களுக்கு, இணையக் காப்பகத்தில் பழைய பிரதி இருக்கிறதா என்று தேடி இணைத்தேன். ஒரு பிரதி கிடைத்தால் போதும், "பொழைச்சிருச்சு!" என்று சத்தம் போடுவீர்கள். எதிர் வரிசையில் தூங்கும் சீனக் கிழவி திடுக்கிட்டு விழிப்பார்.

அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிமேல்தான் உங்கள் உயிர் இருந்தது என்று தெரிய எனக்குச் சில வாரம் ஆனது. இந்த நாட்டுத் தோட்ட வேலைக்குக் கப்பலேறும் முன், காய்ச்சல் கண்டவர்கள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு ஒதுக்கி நிறுத்தப்பட்டார்கள் என்ற வரி. நீங்கள் எழுதியது. அதன் பக்கத்தில் வேறு யாரோ "சான்று தேவை" என்று குறி போட்டிருந்தார்கள்.

அன்றுதான் சொன்னீர்கள். உங்கள் அப்பாவின் அக்கா, பெயர் செல்லம்மா. குடும்பம் மொத்தமும் கப்பலுக்கு வரிசையில் நின்றபோது அவளுக்குக் காய்ச்சல். நெற்றியில் கை வைத்துப் பார்த்த ஆள் அவளை இழுத்துத் தனியே நிறுத்திவிட்டான். ஒரு சின்னம்மா துணைக்கு நின்றாள். அடுத்த கப்பலில் வந்துவிடுவார்கள் என்று சொல்லி மற்றவர்களை ஏற்றிவிட்டார்கள். அவர்கள் வரவேயில்லை. கடிதமும் இல்லை.

"எங்கப்பா சாவுற வரைக்கும் புதுசா யார் தோட்டத்துக்கு வந்தாலும் ஓடிப்போயி கேப்பாரு தங்கச்சி. நாவப்பட்டணத்து வழியா வந்தீங்களா, செல்லம்மான்னு ஒரு பொண்ணப் பாத்தீங்களான்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன்."

அதற்காகத்தான் அந்த வரி. அப்பா சொன்னது கட்டுக்கதை இல்லை என்று எங்காவது ஓரிடத்தில் எழுதியிருக்க வேண்டும் உங்களுக்கு.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வருவதற்கு முன்பே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். "கெடச்சிருச்சு தங்கச்சி!" ஊர் வரலாறுகளைத் தொகுத்துப் போடும் ஒரு இணையதளத்தில், நீங்கள் சொன்ன அதே செய்தி. அச்செடுத்தும் கொண்டுவந்திருந்தீர்கள். அதை அப்பா படத்துக்குக் கீழே வைத்து விளக்கேற்றியதாகவும், சுங்கை சிப்புட்டிலிருக்கும் மகளுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டியதாகவும் சொன்னீர்கள். நான் அதை மேற்கோளாக முறையாகச் சேர்த்தேன். "சான்று தேவை" குறியை நீங்களே நீக்கினீர்கள். அன்று உங்கள் முகம் எப்படியிருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும்.

வியாழக்கிழமை, தேதியைச் சரிபார்க்க அந்த இணையதளப் பக்கத்தை மறுபடி திறந்தேன். "நிறுத்தப்பட்டார்கள்" என்பதற்கு "நிருத்தப்பட்டார்கள்" என்றிருந்தது. நீங்கள் அந்த வரியை முதலில் எழுதியபோது செய்த எழுத்துப்பிழை அது. நான்தான் பிறகு திருத்தியிருந்தேன். கட்டுரையின் பழைய வடிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் ஒன்று. நீங்கள் எழுதி ஏழு மாதம் கழித்துத்தான் அந்தத் தளத்தில் ஏறியிருந்தது. உங்கள் வரியை எடுத்துத்தான் அவர்கள் போட்டிருந்தார்கள். அதையே நாம் உங்கள் வரிக்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தோம்.

நான் சொல்லவில்லை அண்ணே. அன்றும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. நீங்கள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நாசி லெமாக் தின்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்காலிட்டபோதும் அந்தப் பிழைதான் கண்முன் நின்றது. மூன்று வாரம் கழித்து, மிஸ்ஸி நம் இருவருக்கும் ஊசி போட்டுவிட்டு நகர்ந்ததும், கணினியைத் திருப்பி இரண்டு பக்கங்களையும் காட்டினேன்.

நீங்கள் வாசித்தீர்கள். மறுபடி வாசித்தீர்கள்.

"எப்ப பாத்த இத?"

"மூனு வாரமாச்சுண்ணே."

கணினியை மூடினீர்கள். நான்கு மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை வந்தபோது நீங்கள் ஜன்னலோர நாற்காலியில் இருந்தீர்கள். மிஸ்ஸியிடம் கேட்டு மாற்றிக்கொண்டீர்களாம். அன்று மெஷின் ஓடிய நேரம் முழுவதும் நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த செவ்வாய் பழைய இடத்துக்கே வந்தீர்கள். "வரிய அழிச்சிட்டேன்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "அது சாட்சி இல்லன்னதுல எனக்குக் கோவமில்ல தங்கச்சி. லோரிக்காரனுக்கு ரோடு தப்புன்னு தெரிஞ்சா அங்கயே திருப்பணும். நீ பக்கத்து சீட்ல ஒக்காந்துகிட்டு, தப்பு ரோடுன்னு தெரிஞ்சே மூனு வாரம் என்னைய ஓட்ட விட்டுட்ட. அதான்."

"நீங்க சந்தோசமா இருந்தீங்கண்ணே."

"தெரியும் லா" என்றீர்கள். குரல் தாழ்ந்துவிட்டது. "அதான் மறுபடி ஒம்பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன்."

சிறிது நேரம் கழித்து, என் பையில் இருந்த நோட்டை எடுக்கச் சொன்னீர்கள். கணினி வேண்டாம், நோட்டு. "மேக்கோள் எழுதுவியே, அதே மாரி எழுது. சொன்னவர், எங்கப்பா. கேட்டவன், நான். வயசு பத்து இருக்கும். எடம், தோட்டத்துல ரப்பர் பால் நிறுக்குற கொட்டாய்க்குப் பின்னால. மழ பெஞ்சிக்கிட்டு இருந்துச்சு. செல்லம்மா பச்சப் பாவாட கட்டியிருந்தா." அப்பா சொன்னது அத்தனையும் சொன்னீர்கள். எது அவர் சொன்னது, எது நீங்களாக நினைத்துக்கொண்டது என்று நான் கேட்டுக் கேட்டுப் பிரித்து எழுதினேன். சந்தேகமான இடத்தில் நீங்களே, "இது எனக்கு நெசமாத் தெரியாது, அதையும் போட்டுக்க" என்றீர்கள். மூன்று பக்கம் வந்தது. நான் வாசித்துக் காட்ட, ஓரிடத்தில் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் உங்கள் இதயம் ஓய்ந்தது. ஒரு வியாழக்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. மிஸ்ஸி என் தோளில் கை வைத்தபோதே புரிந்துவிட்டது. சுங்கை சிப்புட் வீட்டில் உங்கள் மகளைப் பார்த்தேன். அந்த மூன்று பக்கங்களைப் படியெடுத்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். "அன்னிக்கு போன்ல அந்த வரிய மட்டுந்தான் வாசிச்சாரு. அப்பா இதெல்லாம் எங்ககிட்ட சொன்னதே இல்லக்கா" என்றாள். "அந்தச் செல்லம்மா பேரத்தான் எனக்கு வச்சாங்களா? சும்மா சாமி பேருன்னு சொன்னாரே."

கட்டுரையை நான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் நான்கு இணைப்புகள் செத்திருந்தன; மூன்றைப் பிழைக்க வைத்துவிட்டேன். உங்கள் வரி அங்கே இல்லை. நான் சேர்க்கவும் மாட்டேன். உண்மையான சாட்சி எங்காவது பழைய தாளில் இருந்து, யாராவது கொண்டுவந்தால் அன்றைக்குச் சேரட்டும். யாரிடமாவது ஏதாவது தப்பென்று தெரிந்தால் இப்போதெல்லாம் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. நாற்காலி மாற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பியும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், நீங்கள் போன பிறகு, நான் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். சொன்னவர், ஓர் அண்ணன். கேட்டவள், நான்.