உன் குணத்தை என்னுடையது என்றேன்

மாப்ளே, நாம் சேர்ந்து நடத்திய போட்டோ ஸ்டுடியோ முழுக்கப் பன்னீர்த் திராட்சை வாசனை. காலையில் ஓடைப்பட்டியிலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கியது. மேசைமேல் அப்படியே இருக்கிறது. ஒரு பழம்கூட நான் வாயில் வைக்கவில்லை. உனக்கு வர வேண்டிய பெட்டி அது. நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகு, என் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விஷயத்தைக் கேட்டால் நீ திட்ட மாட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரிக்குப் பேசக் கூப்பிட்டார்கள். சொந்தத் தொழில் தொடங்கப்போகும் பிள்ளைகளுக்கு, ஜெயிக்க என்ன குணம் வேண்டும் என்று சொல்ல வேண்டுமாம். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். துணிச்சல் வேண்டும், பேச்சு வேண்டும் என்றேன். பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் அந்தச் சுருளிப்பட்டிக் காதுகுத்துக் கதையை எடுத்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். மூத்த தாய்மாமன் சீர் கொட்டுமேளத்தோடு மண்டபத்தை அடைத்துக்கொண்டு வந்தது. இளைய மாமன் ஓடைப்பட்டியில் திராட்சை போட்டவர். அறுப்புக்கு நின்ற பழமெல்லாம் மழையில் வெடித்துப்போன வருஷம் அது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய தட்டுகளோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை. "சட்டுப்புட்டுன்னு வந்து நில்லுங்கய்யா, லைட்டு போகுது" என்று நான் கத்தினேன். நீ என் தோளைத் தட்டினாய். "ஏலே, மொதல்ல ஆளப் பாருலே. வெளிச்சத்த அப்புறம் பாக்கலாம்."

அவரை மண்டபத்தின் பக்கத்துச் சந்துக்கு அழைத்துப் போனாய். ரெண்டு பேர் உரசாமல் போக முடியாத சந்து. தட்டுகளை நெருக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தரையில் முட்டிபோட்டு எடுத்தாய். ஆல்பத்தில் பார்த்தால் சீர் சுவருக்குச் சுவர் நிறைந்து வருகிறது. பொய்யாக ஒரு தட்டும் நீ சேர்க்கவில்லை. அவர் தலை நிமிர்ந்து நடக்கிறார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சுருளிப்பட்டி ஊருக்குள் ஒரு விசேஷம்கூட வேறு ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. எல்லாம் என் வாய்ச் சாமர்த்தியம் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். நீ சிரித்துக்கொண்டே லென்சைத் துடைப்பாய். கேமரா யார் வேண்டுமானாலும் வாங்கலாம் மாப்ளே. எதிரே நிற்கிற ஆளுக்கு எங்கே கூசுகிறது என்று பார்க்கிற கண் உன்னிடம்தான் இருந்தது. நம் கடை அதில்தான் ஓடியது.

மேடையில் 'என் நண்பன்' என்றுதான் தொடங்க நினைத்தேன். வாய் 'நான்' என்றது. நான் அழைத்துப் போனேன், நான் முட்டிபோட்டேன் என்று அது பாட்டுக்குப் போனது. பிள்ளைகள் போனைக் கீழே வைத்தார்கள். கைதட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இறங்கி வந்தால் ஒருவர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த இளைய மாமன். அன்றைக்குக் காது குத்திய பிள்ளை இப்போது அங்கே படிக்கிறாளாம். கூட்டிப்போக வந்தவர், பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்கோ வழுக்கையும் தொப்பையும் வந்துவிட்டது. அவருக்கும் பார்வை மட்டு.

"அன்னைக்கு எங்க மானத்தக் காப்பாத்துனீக தம்பி. இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்ல முடியாமப் போச்சு" என்றார்.

அது நான் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கூட ஒருத்தரு கத்திக்கிட்டே இருந்தாகளே, அவுக இப்ப எங்கன இருக்காக?"

"அவரு தவறிட்டாருங்கய்யா" என்றேன்.

"அடப் பாவமே. கோவக்காரரா இருந்தாலும் மனசுல ஒண்ணும் வச்சிருக்க மாட்டாக" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

எனக்காக அழுதார் மாப்ளே. எதிரே குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்த எனக்காக. உனக்கு வர வேண்டிய நன்றியை வாங்கினேன். நீ செத்ததற்கு வர வேண்டிய கண்ணீரையும் நானே வாங்கிக்கொண்டேன். இன்னும் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.