கரி கழுவாத ராக்கெட்

தை, வியாழன். கிழக்குக் காற்று. மேஜையெல்லாம் புழுதி.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கேட்க ஆளில்லை, அதனால் இந்த டைரியில்.

ஞாயிறு காலை ராக்கெட் இரண்டாம் முறை எழும்ப வேண்டும். கோபாலபுரம் கிராமம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் கம்பெனியின் பொட்டல். கொஞ்சம் மேலே போய், அதே இடத்தில் நாலு காலில் வந்து நிற்க வேண்டும். போன தடவை நின்றது. மொத்தப் பாரமும் மூன்றாம் காலில் விழுந்து, சாய்ந்து, நின்றது. கைதட்டல்.

இன்றைய வேலை: கால்களின் கீல்களைச் சோதிப்பது. அதற்குப் போன தடவை படிந்த கரியைத் துடைக்க வேண்டும். எம்.டி. தினேஷ் விடவில்லை.

"அண்ணா, கரியில கை வைக்காதீங்க. பறந்துட்டு வந்த வண்டின்னு பாத்ததும் தெரியணும். பணம் போடறவங்க அதைப் பாக்கத்தான் வர்றாங்க."

என்னைவிட ரொம்பச் சின்னவன். அந்த 'அண்ணா' மரியாதை இல்லை, வயதைக் குத்துவது.

கேன்டீன் சாம்பாரில் வண்டு. எல்லாரும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

வெள்ளி. காற்று குறையவில்லை.

மற்றவர்கள் டீக்குப் போனபோது மூன்றாம் காலின் கீலை மட்டும் துடைத்தேன், உள்ளங்கை அகலம். சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தேன். பொடியில் சிவப்பாக ஒரு கோடு ஊறி வந்தது. விரல் நீளம். விரிசல். படம் எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் காட்டினேன். தினேஷ் பார்த்துவிட்டுப் போனைத் தன் மச்சினனிடம் நீட்டினான். கால்களை வடிவமைத்தவர் என்று கம்பெனி வீடியோவில் வருவது இந்த மச்சினன் பெயர். வரைந்தவன் நான்.

"கீறல்ணா இது," என்றான் மச்சினன்.

"கீறல்ல சாயம் இப்படி ஊறாது. கீலை மாத்தணும். ஒரு வாரம் தள்ளிப் போடுங்க."

"வீடியோ வந்ததுலேருந்து அண்ணனுக்கு வயிறு எரியுது," என்றான் தினேஷ். "யாராவது மோர் வாங்கிக் குடுங்கப்பா."

சிரிப்பு. நான் வேலைக்குச் சேர்த்தவர்கள்கூட.

வயிறு எரிவது உண்மை. விரிசலும் உண்மை.

மாலையில் பார்த்தால் துடைத்த இடம் மறுபடி கறுப்பு. மண்ணெண்ணெய்த் திரியைக் கொளுத்திப் புகை காட்டியிருக்கிறார்கள். தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. எல்லாம் பட்டம் வாங்கின கைகள்.

சனி. காற்று இன்னும் அதிகம். வாங்க: கொசுவர்த்தி, பிளேடு.

வீட்டுக்கார அம்மா வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், நாளைக்கு எங்களுக்குத் தோப்போரமா சேர் போட்டிருக்காங்களாமா? பேத்திக ரெண்டும் இப்பவே புதுச் சட்டையெடுத்து வெச்சிருச்சுங்க."

"மொட்டை மாடியிலிருந்தே நல்லாத் தெரியும்ங்க."

"அட போங்க சார். எதுக்கெடுத்தாலும் வேண்டாம்பீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா ராக்கெட்டே எறங்காதுங்க."

பொட்டலுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாம் காலுக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊர்க்கூட்டம் இருந்தால் வீடியோ நன்றாக வருமாம். கால் மடங்கினால் மிச்ச எரிபொருளோடு ராக்கெட் சாய்வது அந்தப் பக்கம்தான். பணம் போடுகிறவர்களுக்குக் காங்கிரீட் சுவருக்குப் பின்னால் ஏசி அறை.

நாற்காலிகளையாவது பின்னால் தள்ளச் சொன்னேன்.

"லீவு எடுத்துக்கோங்கண்ணா," என்றான் தினேஷ். "ஊருக்குப் போய் அம்மா கையால சாப்பிட்டு வாங்க."

அம்மாவின் அடக்கத்துக்கு மாலையோடு வந்தவன் இவன்.

பஞ்சாயத்து ஆபீஸ் பூட்டு. பிரசிடெண்டுக்கும் நாளை முன்வரிசை.

காலையில் பால் சொசைட்டிக்கு ஊரே வரும். அங்குள்ள பலகையில் ஒட்டலாம். என் பெயர் இருந்தால் பெயரைத்தான் படிப்பார்கள். வயிற்றெரிச்சல் என்று சிரித்துவிட்டு நாற்காலியில் போய் உட்காருவார்கள்.

மூன்று நாள் எழுதியதிலிருந்து வசவுகளை அடித்து நீக்கினேன். தினேஷ் போனான், மச்சினன் போனான், வீடியோவும் போனது. மிஞ்சியது படமும் இவ்வளவும்:

மூன்றாம் காலில் விரிசல். புகை காட்டி மறைத்திருக்கிறார்கள். தோப்போரம் உட்காராதீர்கள். பிள்ளைகளைக் கூட்டி வராதீர்கள்.

பெயர் போடாமல் ஒட்டுகிறேன்.