ஜாடிக்குக் கொஞ்சம் மூடுபனி

அக்டோபர் 19

காலையில் கதவைத் திறந்தால் கீழே ஊரே இல்லை. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிரம்பிக் கிடந்தது. எங்கள் மலைமுகடும் எதிரே பெர்னீஸின் மலைமுகடும் மட்டும் வெயிலில் நின்றன. அந்த வெள்ளைக்கு அடியில் எங்கோ கடல் இருக்கிறது. வெண்டலும் இருக்கிறான். காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

கொட்டகையில் கஞ்சாச் செடிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. என் மகள் லின்னட்டின் கல்யாணத்துக்கென்றே வளர்த்தவை. போன வருடம் பூசணம் பிடித்து ஒரு பூகூட மிஞ்சவில்லை. இந்த முறை அதற்கு இடம் கொடுப்பதாக இல்லை, கணப்பை மூட்டிவிட்டேன். கிழக்குக் காற்றும் சேர்ந்து அடிக்கிறது.

அக்டோபர் 23

காய்ந்துவிட்டது. காயக் கூடாத அளவுக்குக் காய்ந்துவிட்டது.

காம்பை வளைத்துப் பார்த்தேன். வளையவே இல்லை, படக்கென்று முறிந்தது. பூவைத் தொட்டால் விரலிடுக்கில் பொடியாகக் கொட்டுகிறது. வாசனை வெறும் வைக்கோல். ஆகஸ்டில் வேலியோரமாக நடந்தாலே போதும், ஆரஞ்சுத் தோலும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அது எங்க போச்சு? யாரைத் திட்டுறது? நான்தானே எழுந்து எழுந்து போய் விறகு வச்சேன், பைத்தியக்காரி மாதிரி.

கல்யாணம் நவம்பர் 22.

அக்டோபர் 24

ஜாடிகளில் அடைத்து மூடினேன். உள்ளே வைத்த ஈரமானி 43 காட்டுகிறது. அறுபதை எட்டினால்தான் பதம்.

இந்த மலைக்காரர்கள் கல்யாணத்தில் இரண்டு வீட்டு ஜாடியையும் திறப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டையும் ஒரே ஜாடியில் கொட்டிக் கலப்பார்கள். அப்புறம்தான் வந்தவர்களுக்கு. மாப்பிள்ளையின் அம்மா பெர்னீஸ் தன் ஜாடியைத் திறந்தால் பக்கத்து அறையில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அதன் தலையில் என் தூளைக் கொட்ட வேண்டுமா?

லின்னட் வந்து பார்த்தாள். கடையில் விற்கும் ஈரப் பொட்டலத்தை ஜாடிக்குள் போடு, எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றாள்.

“மிச்சம் இருக்கிற வாசனையையும் அது குடிச்சிரும்டி.”

“மிச்சம் இருந்தாத்தானேம்மா குடிக்க.”

அவளுக்கு அவள் அப்பாவின் வாய்.

அக்டோபர் 27

ஈரம் ஏறட்டும் என்று ஒரே ஒரு ஜாடியில் மட்டும் ஆரஞ்சுத் தோல் போட்டிருக்கிறேன். பார்ப்போம்.

அக்டோபர் 30

ஆரஞ்சுத் தோல் ஜாடிக்குள் பூசணம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மூடியைக்கூடக் கழற்றாமல் கொண்டுபோய் உரக்குழியில் வைத்துவிட்டு வந்தேன். பிறகு அங்கேயே போய்க் கழற்றிக் கொட்டினேன்.

நவம்பர் 1

பெர்னீஸ் வந்திருந்தாள். கல்யாணத்துக்கு எத்தனை நாற்காலி என்று பேசத்தான் வந்ததாகச் சொன்னாள். ஆனால் கண் அலமாரியிலேயே இருந்தது. ஒரு ஜாடியைத் திறந்து மூக்கருகே வைத்தாள். வழக்கமாக என்னைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள். இன்றோ, இந்த வருடம் காற்று அதிகம்தான் என்று மட்டும் சொன்னாள். அந்த இரக்கம் எனக்குப் பொறுக்கவில்லை.

டிரக்கில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

“டான்சி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காத. அன்னைக்கு எங்க வீட்டு ஜாடிய மட்டும் திறந்துக்கலாமா? பிள்ளைங்க ஒண்ணும் நினைக்காதுங்க.”

“எங்க ஜாடியும் வரும், பெர்னீஸ்.”

எப்படி வரும்? அவள் போன பிறகு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மகள் கல்யாணத்தில் என் வீட்டிலிருந்து ஒரு பிடி பூ இல்லையென்றால், நான் அங்கே நாற்காலி எடுத்துப் போட வந்தவள் மாதிரிதான்.

நவம்பர் 3

மழை இல்லை. வானொலி இப்போதைக்கு இல்லையென்றே சொல்கிறது. மேலே எல்லாம் காய்கிறது, உதடு, கை, கதவுச் சட்டம், நான்.

விடியலில் ஒரு கனவு. ஜாடிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளைக்குள் இறங்கிப் போகிறேன். முழங்கால்வரை, பிறகு மார்புவரை. ஜாடிகளில் அது தானாக நிரம்புகிறது. கீழே யாரோ விளக்கை ஆட்டுகிறார்கள்.

எழுந்ததும் ஞாபகம் வந்தது வெண்டலின் வீட்டு உப்பு. அங்கே உப்பு டப்பாவிலிருந்து எதுவும் கொட்டாது. ரொட்டி ஒரே நாளில் நமத்துவிடும். துவைத்த சட்டை வாரம் முழுக்கத் தொங்கும். கூட வந்து இருக்கச் சொன்னபோது அதையெல்லாம் சொல்லித்தான் நான் இறங்க மாட்டேன் என்றேன். அவனுக்குப் படகு பழுது பார்க்கும் வேலை, கடலை விட்டு ஏற முடியாது. எங்களுக்குள் பெரிய சண்டை என்று ஒன்றுமே நடக்கவில்லை. மூடுபனிக்கு மேலே நான், கீழே அவன், அப்படியே வருடங்கள் போய்விட்டன.

நவம்பர் 5

போன் செய்தேன்.

“வெண்டல், உன் வீட்டுல இன்னும் உப்பு நமத்துப் போகுதா?”

“கல்லாக் கெடக்கு. ஸ்பூனால குத்தித்தான் எடுக்கிறேன். ஏன்?”

சொன்னேன். கணப்பு மூட்டியதையும் சொன்னேன். சிரித்திருந்தால் போனை வைத்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

“எடுத்துட்டு வா,” என்றான்.

நவம்பர் 6

ஜாடிகளைப் போர்வையில் சுற்றிப் பக்கத்து இருக்கையில் வைத்து பெல்ட் மாட்டினேன். பாதி மலைவரை வெயில். ஒரு வளைவு திரும்பியதும் சாலை, மரம், எல்லாம் கரைந்துபோயின. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினேன். முகத்தில் ஈரம் படிந்தது. இவ்வளவு நாள் இதை வெறுத்தேனா என்று இருந்தது.

வெண்டல் பின்பக்கம் வலையடித்த அறையில் மேசையைத் துடைத்து வைத்திருந்தான். மூடியைத் திறந்து இராத்திரி முழுக்க விட்டுவிடலாம், காலையில் சரியாகிவிடும் என்றான். கூடாது என்றேன். மேலே நனைந்து உள்ளே காய்ந்திருந்தால் பூசணம் வந்து உட்கார்ந்துவிடும். கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும், மூட வேண்டும், வாங்கிய ஈரம் காம்புவரை போகும்வரை காத்திருக்க வேண்டும். மறுபடி திறக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

“அப்போ நீ தங்கணும்,” என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டு.

“அவசரப்பட்டா எல்லாம் கெட்டுரும், வெண்டல்.”

“நான் அவசரப்படலையே.”

நவம்பர் 8

47.

திறந்த ஜாடிகளின் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மூடுபனி வலை வழியாக வருகிறது, மேசைமேல் தவழ்கிறது, ஒவ்வொரு ஜாடியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும். நீர்நாய்களோ கடல்சிங்கங்களோ எங்கோ குரைக்கின்றன. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று சில நேரம் எனக்கே சந்தேகம். ஒருமுறை கண் திறந்தபோது என் தோளில் அவன் கம்பளி இருந்தது.

நவம்பர் 10

என் காலுறைகளை அடுப்பருகே தொங்கவிட்டிருக்கிறான். காயவில்லை.

நவம்பர் 12

வெயில்! கரையெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பக்கத்து வீடுகளில் மெத்தைகளை வெளியே போட்டு ஒரே கொண்டாட்டம். நான் ஜாடிகளை இறுக்கி மூடிவிட்டு வானத்தைத் திட்டிக்கொண்டு நடந்தேன். இப்படியே நாலு நாள் இருந்தால் நான் என்ன செய்வேன், எதைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைப்பேன்?

வெண்டல் சிப்பிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னான்: “வெயில் வேணும் வெயில் வேணும்னு மேலயே உக்காந்திருந்தவ நீதானே?”

எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புத்தான் வந்தது.

நவம்பர் 13

சாயங்காலம் மூடுபனி திரும்பி வந்துவிட்டது. படகுத்துறை போயிற்று, பிறகு வேலி, பிறகு வெண்டல் கையில் வைத்திருந்த வாளி. செருப்புகூட இல்லாமல் வெளியே போய் நின்றேன்.

நவம்பர் 16

60. ஒரு காம்பை எடுத்து வளைத்தேன். வளைந்தது, யோசித்தது, அப்புறம்தான் முறிந்தது. பூவை அமுக்கினால் மெத்தென்று மறுபடி எழும்புகிறது.

மூக்கருகே வைத்தேன். ஆகஸ்ட் வாசனை இல்லை. எனக்குத் தெரியும், போன வாசனை திரும்பாது, ஈரம்தான் திரும்பும். ஆனாலும் ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அழுதேன். பிறகு இன்னொரு முறை முகர்ந்தேன். வைக்கோல் போய்விட்டது. தேன் போல ஏதோ, ஈர விறகு போல ஏதோ, கடைசியில் மிக லேசாக அந்த ஆரஞ்சுத் தோல்.

வெண்டல் ஒரு இழுப்பு இழுத்தான். இவனுக்குக் கமறாத புகையே கிடையாது. காத்திருந்தேன். இருமவில்லை.

“வேற செடி மாதிரி இருக்கு,” என்றான். “நல்லாத்தான் இருக்கு.”

நவம்பர் 18

மேலே வந்துவிட்டேன். ஜாடிகளைத் திறக்கவே பயம், இந்தக் காற்று உறிஞ்சிவிடும். வீடு சுத்தமாக, உலர்ந்து, யாருடையதோ போல இருக்கிறது.

நவம்பர் 22

பெர்னீஸின் ஜாடி முதலில். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வழக்கம் போல. பிறகு லின்னட் எங்கள் ஜாடியைக் கவிழ்த்தாள். தூள் இல்லை. பூ பூவாக விழுந்தது. விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பெர்னீஸ் ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.

“எங்க வச்சிருந்த இத?”

“கீழ.”

வாசற்பக்கம் நின்றுகொண்டிருந்த வெண்டலை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. “கீழயா,” என்றாள். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலம்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் புருவத்தைத் தூக்கினாள். பழைய பெர்னீஸ்தான்.

லின்னட் என்னைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவள் தலைமுடியில் இரண்டு வீட்டு வாசனையும் இருந்தது.

டிசம்பர் 4

காலையில் லின்னட் போன் செய்தாள். அவளும் அவள் கணவனும் என் வீட்டில் சாமான்களை இறக்கி முடித்துவிட்டார்களாம். கொட்டகைக் கணப்பை என்ன செய்வது என்று கேட்டாள். எடுத்து வெளியே போடு என்றேன். மேலே அருமையான வெயில், கீழே ஒன்றுமே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை என்றாள்.

முட்டை ஆறிக்கொண்டிருந்தது. ஸ்பூனால் உப்பைக் குத்திக்கொண்டே, ஆமாம் என்றேன்.