நங்கூரத்தில் யார், சுக்கானில் யார்

ஏகினா
ஜூன் 8, 1987

என் அர்கிரோவுக்கு,

சுகமா? உன் அக்கா வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கும், தெரியும். இங்கே நிலைமை வேறு.

நம் படகில் இந்த வாரச் சுற்றுலாச் சவாரி இன்று தொடங்கிவிட்டது. டச்சுக்காரர்கள் நாலு பேர். விளம்பரத்தில் 'என் மனைவியின் கைச் சமையல்' என்று போட்டதை நம்பி வந்திருக்கிறார்கள். அந்த மனைவி போன மாதம் போரோஸில் கைப்பையோடு கரைக்குக் குதித்துப் போனதை நான் சொல்லவில்லை. மதியம் தக்காளிக்குள் அரிசி அடைத்துச் சுட்டேன். தக்காளி கரைந்துவிட்டது, அரிசி வேகவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் தேடினார்கள்.

வெள்ளிக்கிழமை இத்ராவுக்கு வருகிறேன். படகில் ஏறிவிடு. கடிதத்தைப் பயணிகள் கப்பலில் வேலை பார்க்கும் பாந்தெலிஸிடம் கொடுத்திருக்கிறேன், பதிலையும் அவனிடமே கொடு.

உன் ஃபோதிஸ்

இத்ரா
ஜூன் 9

கேப்டன் அவர்களுக்கு,

அரிசியை முதலில் வதக்க வேண்டும். டச்சுக்காரர்கள் மேல் இரக்கப்பட்டுச் சொல்கிறேன்.

போரோஸில் பின்னால் சுக்கானில் நின்றுகொண்டு "போடு, போடு" என்றது நீங்கள். முன்னால் நின்ற நான் நங்கூரத்தைப் போட்டேன். அது பக்கத்துப் படகின் சங்கிலிமேல் விழுந்தது. "கண்ண எங்கடி வெச்சிருக்கே?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினீர்கள். காப்பிக் கடையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். கைப்பையை எடுத்துக்கொண்டு கரைக்குக் குதித்தது அதனால்தான்.

நான் வர மாட்டேன். வேறு ஆள் பாருங்கள்.

அர்கிரோ

போரோஸ்
ஜூன் 10

அர்கிரோ,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வேறு ஆள் பார்க்கவில்லை. இன்று சுக்கானைக் கயிற்றில் கட்டிவிட்டு, முன்னால் ஓடி நங்கூரத்தை இறக்கினேன். திரும்பி ஓடி வருவதற்குள் படகு தபாலாபீஸைப் பார்த்து நின்றது. காப்பிக் கடை சொதிரிஸ், "என்ன ஃபோதிஸ், இன்னைக்கு யாரத் திட்டப் போறே?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். டச்சுக்கார அம்மா நங்கூரத்துக்கு உதவிக்கு வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். அது உன் இடம்.

உன் ஃபோதிஸ்

இத்ரா
ஜூன் 11

கேப்டன் அவர்களுக்கு,

என் இடமா? யார் சொன்னது? எங்கள் அப்பா படகில் சுக்கான் பிடித்தவள் நான். கல்யாண மோதிரம் மாதிரி அந்த நங்கூரச் சங்கிலியைக் கையில் கொடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு ஒரு நாளாவது சுக்கானைத் தொட விட்டீர்களா?

நாளைக்கு இத்ராவில் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அர்கிரோ

இத்ரா, படகிலிருந்து
ஜூன் 12

அர்கிரோ,

அக்கா வீட்டு மாடியிலிருந்து பார்த்திருப்பாய். ஐந்து படகுச் சங்கிலிகளுக்குக் குறுக்கே நங்கூரத்தைப் போட்டுவிட்டேன். ஒருத்தரும் கிளம்ப முடியவில்லை. இத்தாலிக்காரன் ஒருவன் என் அம்மாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

வழக்கம்போல முன்பக்கத்தைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். முன்னால் நின்றதும் நான்தான். அங்கே நின்று பார்த்தால் எல்லாச் சங்கிலியும் தெரிகிறது. பின்னாலிருந்து ஒன்றும் தெரியாது, அர்கிரோ. இவ்வளவு காலமும் ஒன்றும் தெரியாமல்தான் கத்தியிருக்கிறேன்.

டச்சுக்காரர்களுக்காகவாவது வா என்று எழுத நினைத்தேன். அது பொய். நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. சுக்கானை நீயே வைத்துக்கொள்.

காப்பிக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஃபோதிஸ்

இத்ரா
அதே நாள்

ஃபோதிஸ்,

பார்த்தேன். அக்கா நாற்காலி போட்டுக் கொடுத்தாள்.

பெட்டியைக் கட்டிவிட்டேன், கீழே வருகிறேன். நீ அரிசியைத் தொடாதே. நேராக முன்பக்கம் போய் நங்கூரத்துக்குப் பக்கத்தில் நில். சுக்கானில் நான் நிற்பேன், சிக்கலை நான் எடுக்கிறேன். எடுக்கும்போது நன்றாகக் கத்துவேன். காப்பிக் கடையில் இப்போதே நாற்காலியையெல்லாம் திருப்பிப் போட்டுவிட்டார்கள், அவர்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை.

உன் அர்கிரோ